ரஸ்ஸல் பியர்ஸ்: அரிசோனாவில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து யாருடைய அப்பா அம்மா வந்தாலும், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன்கள் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்தாலும், ரசம் ஊற்றும் நேரத்தில் பேச்சு "அந்தக் காகிதம் கேட்கும் சட்டம்" பக்கம் திரும்பிவிடும். அதைக் கொண்டுவந்தவர் யார், அவர் என்ன ஆனார், நமக்கு அதனால் ஏதாவது உண்டா என்று அதே கேள்விகள். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

இந்த ரஸ்ஸல் பியர்ஸ் யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

அரிசோனா மாநிலத்தின் மேசா நகரைச் சேர்ந்த, குடியரசுக் கட்சியின் பழமைவாத அரசியல்வாதி. 1947-இல் பிறந்து 2023 ஜனவரி 5 அன்று 75 வயதில் இறந்தார். 2001 முதல் 2011 வரை மாநிலச் சட்டமன்றத்தில் இருந்தார். சட்டவிரோதக் குடியேற்றத்துக்கு எதிராக 2010-இல் நிறைவேறிய எஸ்பி 1070 என்ற சட்டத்தை, அதாவது அந்தக் காகிதம் கேட்கும் சட்டத்தை, முன்மொழிந்தவர் அவர்தான். அடுத்த ஆண்டே மாநில செனட்டின் தலைவர் பதவியில் இருக்கும்போது தொகுதி மக்களால் திரும்ப அழைக்கப்பட்டார், அதாவது பதவிக்காலம் முடியும் முன்பே வாக்களித்து நீக்கப்பட்டார். அரிசோனாவில் அதற்கு முன் எந்தச் சட்டமன்ற உறுப்பினருக்கும் அப்படி நேர்ந்ததில்லை.

செனட்டர் என்கிறீர்களே, வாஷிங்டனில் இருந்தாரா?

இல்லை. இந்தக் குழப்பம் பாதிப் பேருக்கு இருக்கிறது. அமெரிக்காவில் நெப்ராஸ்காவைத் தவிர எல்லா மாநிலங்களுக்கும் இரண்டு அவைகள் உண்டு. மேலவைக்குப் பெயர் செனட். தமிழ்நாட்டில் 1986-இல் கலைக்கப்பட்ட மேலவையை நினைத்துக்கொள்ளலாம், ஆனால் இங்கே அதற்கும் மக்களே நேரடியாக வாக்களிக்கிறார்கள். அரிசோனாவில் 30 தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒரு செனட்டர், இரண்டு கீழவை உறுப்பினர்கள். எல்லாருக்கும் பதவிக்காலம் இரண்டே ஆண்டு.

சம்பளம் ஆண்டுக்கு 24,000 டாலர். இங்கே ஒரு கடைநிலை மென்பொருள் ஊழியர் வாங்குவதில் பாதிகூட இல்லை. ஜனவரியில் கூட்டத்தொடர் தொடங்கிச் சுமார் நூறு நாளில் முடியவேண்டும் என்பது கணக்கு. ஆகவே பல உறுப்பினர்களுக்கு வேறு தொழில் இருக்கும். பின்னால் கார் பரிவாரம், கொடி, ஒலிபெருக்கி எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

அரசியலுக்கு வருமுன் போலீஸில் இருந்தாராமே?

ஆமாம். ஃபீனிக்ஸ், மேசா, சாண்ட்லர் எல்லாம் அடங்கிய மாரிக்கோப்பா கவுண்டியின் (நம் மாவட்டம் போல) போலீஸான ஷெரிஃப் துறையில் இருபதாண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தார். 1977-இல் ரோந்தின்போது சுடப்பட்டார். வலது கை மோதிர விரலை அந்தத் துப்பாக்கிச் சூட்டில் இழந்தார். பின்னாளில் அவருடன் கைகுலுக்கியவர்களுக்கு அந்த வெற்றிடம்தான் முதலில் தட்டுப்பட்டிருக்கும்.

1993-இல் ஜோ அர்பாயோ ஷெரிஃபானபோது பியர்ஸ் அவருக்கு அடுத்த இடத்தில் இருந்தார். கொரியப் போர்க்காலத்து ராணுவக் கூடாரங்களை அடித்து, கோடையில் 45 டிகிரியைத் தாண்டும் வெயிலில் கைதிகளை அடைத்துவைத்த 'கூடார நகரம்' அந்த ஆண்டுதான் தொடங்கியது. அந்த யோசனை தன்னுடையது என்று பியர்ஸ் சொல்லிக்கொள்வார். புகழ் முழுவதும் அர்பாயோவுக்குப் போனதில் அவருக்கு வருத்தம் இருந்திருக்கலாம். இது என் ஊகம். அதன்பின் மாநில மோட்டார் வாகனப் பிரிவின் இயக்குநராக இருந்தார். 1999-இல் அந்தப் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். மறு ஆண்டு தேர்தலில் நின்று வென்றார்.

மகனை ஒரு குடியேறி சுட்டதால்தான் அவருக்கு அந்தக் கோபம் என்கிறார்களே?

சினிமாவுக்குப் பொருத்தமான கதை, காலவரிசைக்குப் பொருந்தாது. ஷெரிஃப் துறையில் பணியாற்றிய அவருடைய மகன், சட்டவிரோதமாக நாட்டில் இருந்த ஒருவரால் சுடப்பட்டுப் பிழைத்தது 2004 டிசம்பரில். குடியேற்றம் தொடர்பாகப் பியர்ஸ் தீவிரமாக ஆதரித்த மக்கள் வாக்கெடுப்பு அதற்கு முந்தைய மாதமே வெற்றி பெற்றுவிட்டது. தன் நிலைப்பாடு சொந்தத் துயரத்திலிருந்து வந்ததல்ல, சட்டம் என்றால் சட்டம் என்பதுதான் என்று அவரும் சொல்லிவந்தார்.

பழமைவாதி என்றால் மதம், குடும்பம், ஒழுக்கம் இதெல்லாம்தானா?

அதுவும் உண்டு. பியர்ஸ் மார்மன் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர். மேசாவே 1878-இல் மார்மன்கள் உண்டாக்கிய ஊர். ஆனால் இங்கே அந்தச் சொல்லுக்குள் வேறு சில சரக்குகளும் சேர்ந்தே வரும்: வரி குறைய வேண்டும், அரசுச் செலவு குறைய வேண்டும், துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமையில் கை வைக்கக் கூடாது, மாநிலத்தின் காரியத்தில் வாஷிங்டன் தலையிடக் கூடாது.

உரிமம் இல்லாமலே துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம் என்ற 2010-ஆம் ஆண்டுச் சட்டமும் பியர்ஸ் கொண்டுவந்ததுதான். அலாஸ்கா, வெர்மான்டுக்கு அடுத்து மூன்றாவதாக அரிசோனா அந்த வரிசையில் சேர்ந்தது. எஸ்பி 1070-க்குச் சரியாக ஒரு வாரம் முன்பு ஆளுநர் அதில் கையெழுத்திட்டார். ஊரெல்லாம் குடியேற்றத்தைப் பற்றியே பேசியதால் இது பலர் கண்ணில் படவில்லை. மளிகைக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நிற்பவர் இடுப்பில் என்ன வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது என்பதை ஊரிலிருந்து வரும் விருந்தினரிடம் நான் சொல்வதில்லை.

நூற்றில் ஒரு உறுப்பினர். அவருக்கு எப்படி இத்தனை செல்வாக்கு?

நூறுகூட இல்லை, மொத்தமே தொண்ணூறு பேர். இரண்டு காரணங்களைச் சொல்வேன். முதலாவது, பணப்பெட்டியின் சாவி. கீழவையிலும் பிறகு செனட்டிலும் அவர் நிதி ஒதுக்கீட்டுக் குழுவின் தலைவராக இருந்தார். யாருடைய திட்டத்துக்குப் பணம் வேண்டுமானாலும் அந்தக் கதவைத் தாண்டித்தான் போகவேண்டும்.

இரண்டாவதுதான் அவருடைய உண்மையான கெட்டிக்காரத்தனம். ஆளுநர் மறுத்தால் என்ன, மக்களிடமே போவோம் என்ற வழி. அரிசோனா அரசியல் சட்டப்படி இரு அவைகளிலும் சாதாரணப் பெரும்பான்மை இருந்தால் ஒரு முன்மொழிவை நேராக மக்கள் வாக்கெடுப்புக்கு அனுப்பலாம். அதற்கு ஆளுநரின் கையெழுத்து தேவையில்லை. மக்களே கையெழுத்துத் திரட்டியும் வாக்கெடுப்புக் கொண்டுவரலாம். அப்படி நிறைவேறியதை 1998-க்குப் பிறகு சட்டமன்றம் நினைத்தபடி மாற்றவும் முடியாது: நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும், அந்த மாற்றமும் சட்டத்தின் நோக்கத்துக்குத் துணைசெய்வதாக இருக்கவேண்டும். அதாவது ஒருமுறை கதவைத் திறந்து உள்ளே போய்விட்டால், எதிர்க்கட்சி ஆட்சிக்கு வந்தாலும் வெளியே தள்ளுவது கடினம்.

ஆளுநர் தடுக்கிறார் என்றால், நம் ஊர் ஆளுநர் மசோதாவைக் கிடப்பில் போடுவதுபோலவா?

இல்லை. இங்கே ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர். நம் முதலமைச்சரின் அதிகாரமும் கையெழுத்துப் போடும் அதிகாரமும் ஒரே ஆளிடம் இருக்கும். கிடப்பில் போடவும் வழியில்லை. குறித்த நாளுக்குள் கையெழுத்திடவேண்டும் அல்லது வீட்டோ செய்யவேண்டும், அதாவது மறுத்துத் திருப்பி அனுப்பவேண்டும். சும்மா இருந்தால் மசோதா தானாகவே சட்டமாகிவிடும்.

2003 முதல் ஆளுநராக இருந்த ஜேனட் நபோலிடானோ ஜனநாயகக் கட்சிக்காரர். சட்டவிரோதமாக மாநிலத்தில் இருப்பதையே குற்றமாக்கும் மசோதாவை 2006-இல் வீட்டோ செய்தார். எனவே பியர்ஸும் அவர் தோழர்களும் வாக்கெடுப்பு வழியைப் பிடித்தார்கள். வாக்காளராகப் பதிவுசெய்யக் குடியுரிமைச் சான்று கேட்கும் 2004-ஆம் ஆண்டு வாக்கெடுப்பு கையெழுத்து இயக்கத்தால் வந்தது. கடுமையான குற்றம் சாட்டப்பட்ட சட்டவிரோதக் குடியேறிக்கு ஜாமீன் கிடையாது, ஆங்கிலமே மாநிலத்தின் ஆட்சிமொழி என்ற 2006-ஆம் ஆண்டு வாக்கெடுப்புகள் சட்டமன்றம் அனுப்பியவை. மூன்றும் வென்றன, ஜாமீன் மறுப்புக்கு விழுந்தது நான்கில் மூன்று பங்குக்கும் மேல். ஜனநாயகக் கட்சிக்காரர்களும் அதற்கு வாக்களிக்காமல் அந்த எண் வராது.

2009 ஜனவரியில் ஒபாமா நபோலிடானோவை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கு அழைத்துக்கொண்டார். மாநிலச் செயலாளராக இருந்த குடியரசுக் கட்சியின் ஜேன் புரூவர் ஆளுநரானார். பியர்ஸின் முன்னால் இருந்த சுவரை எடுத்துவிட்டவர் ஒருவகையில் ஒபாமாதான்.

சட்டவிரோதக் குடியேறிகளை வேலைக்கு வைக்கும் முதலாளிகளை மட்டும் விட்டுவிட்டாரா?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் "பணக்காரர்களைத் தொடமாட்டார்கள்" என்ற முடிவோடு கேட்கிறார்கள். பியர்ஸ் தொட்டார். 2007-இல் நிறைவேறிய சட்டப்படி, அரிசோனாவில் ஆள் எடுக்கும் ஒவ்வொரு நிறுவனமும் 2008 ஜனவரி முதல் 'இ-வெரிஃபை' என்ற கூட்டாட்சி அரசின் கணினி முறையில் புதிய ஊழியரின் தகுதியைச் சரிபார்க்கவேண்டும். தெரிந்தே தகுதியில்லாதவரை வேலைக்கு வைத்தால் தொழில் உரிமம் இடைநிறுத்தப்படலாம். மீண்டும் செய்தால் உரிமமே போய்விடும். இதில் கையெழுத்திட்டவர் வீட்டோவுக்குப் பேர்போன நபோலிடானோவேதான். வணிகர் சங்கங்கள் உச்ச நீதிமன்றம்வரை போயின. 2011 மே மாதம் 5-க்கு 3 என்ற கணக்கில் சட்டம் நிலைத்தது.

கட்டுமானக்காரர்கள், உணவகக்காரர்கள், பண்ணைக்காரர்கள் எல்லாம் குடியரசுக் கட்சிக்கு நன்கொடை தருபவர்கள். அவர்களோடு பியர்ஸுக்கு ஏற்பட்ட உரசல் இங்கே தொடங்கியது. பின்னால் அது எப்படி வட்டியோடு திரும்பி வந்தது என்பதைத் திரும்ப அழைத்தல் பற்றிய கேள்வியில் பாருங்கள்.

எஸ்பி 1070 உண்மையில் என்ன சொன்னது? தோல் நிறத்தைப் பார்த்து நிறுத்தலாம் என்றா?

சட்டத்தின் முதல் பிரிவே நோக்கத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. கடுமையாக அமல்படுத்தி, சட்டவிரோதமாக இருப்பவர்கள் தாமாகவே குறைந்துபோகும்படி செய்வது அரிசோனாவின் எல்லா அரசு அமைப்புகளுக்கும் கொள்கையாக இருக்கவேண்டும். ஆளைப் பிடித்து விமானத்தில் ஏற்றுவதைவிட, இங்கே இருப்பதையே கடினமாக்கிவிட்டால் அவர்களே கிளம்பிவிடுவார்கள் என்ற கணக்கு.

முக்கியமான விதிகள் நான்கு. ஒருவரை வேறு காரணத்துக்காக நிறுத்திய போலீஸ், அவர் சட்டவிரோதமாக இருக்கிறார் என்ற நியாயமான சந்தேகம் வந்தால் குடியேற்ற நிலையைச் சரிபார்க்கவேண்டும். வெளிநாட்டவர் பதிவு ஆவணம் வைத்திருக்காவிட்டால் அது மாநிலக் குற்றம். அனுமதியின்றி வேலை தேடுவதும் செய்வதும் மாநிலக் குற்றம். நாடு கடத்தத்தக்க குற்றம் செய்திருப்பதாகக் கருதினால் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம்.

நிறத்தைப் பார்த்து நிறுத்தலாம் என்று எழுதப்படவில்லை. ஆனால் முதல் வரைவில் போலீஸ் யாரோடு "சட்டப்படியான தொடர்பு" கொண்டாலும் கேட்கலாம் என்று இருந்தது. புகார் கொடுக்க வந்தவரையும் கேட்கலாமா, சாட்சியையும் கேட்கலாமா என்று கூச்சல் எழுந்ததும், கையெழுத்தான ஒரே வாரத்தில் அதைத் திருத்தி "நிறுத்துதல், தடுத்துவைத்தல், கைது" என்று மாற்றினார்கள். இனத்தைக் கருத்தில் கொள்ளக் கூடாது என்பதையும் இறுக்கினார்கள். எதிர்ப்பாளர்களின் கேள்வி அப்போதும் நின்றது: ஆங்கிலம் சரளமாக வராத, பழுப்பு நிறத்தவர் ஒருவர் மீது வரும் "நியாயமான சந்தேகம்" எதிலிருந்து வருகிறது?

2010 ஏப்ரல் 19 அன்று செனட்டில் 17-க்கு 11 என்று நிறைவேறியது. 23-ஆம் தேதி புரூவர் கையெழுத்திட்டார். அதற்கு ஒரு மாதம் முன்பு எல்லையோரப் பண்ணை உரிமையாளர் ஒருவர் தன் நிலத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். தயங்கிய வாக்குகளை அந்தச் சம்பவம் நகர்த்தியது. பிறகு நாடெங்கும் புறக்கணிப்பு அழைப்புகள். மே 5 அன்று ஃபீனிக்ஸ் சன்ஸ் கூடைப்பந்து அணி மார்பில் 'லாஸ் சன்ஸ்' என்று ஸ்பானிய அடைமொழியோடு இறங்கி விளையாடியது. அரசியலே பேசாத என் அலுவலக நண்பர் ஒருவர் அன்றைக்குத்தான் முதன்முதலாக இந்தச் சட்டத்தைப் பற்றி வாய் திறந்தார்.

நம்மவர்களையும் நிறுத்திக் கேட்பார்களா? பாஸ்போர்ட்டோடுதான் திரிய வேண்டுமா?

பாஸ்போர்ட்டோடு திரிய வேண்டியதில்லை. செல்லுபடியாகும் அரிசோனா ஓட்டுநர் உரிமம் காட்டினால் நீங்கள் சட்டப்படி இருப்பவர் என்றே கொள்ளவேண்டும் என்று எஸ்பி 1070-லேயே எழுதியிருக்கிறது. புதிதாக வந்த பையன்களுக்கு நான் சொல்வது: முதலில் போய் உரிமத்தை எடு, பிறகு காரைப் பற்றிப் பேசலாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று, பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டவர் பதிவு ஆவணத்தைக் கையோடு வைத்திருக்கவேண்டும் என்பது பியர்ஸ் கண்டுபிடித்த விதியல்ல. அது பல பத்தாண்டுகளாக இருக்கும் கூட்டாட்சிச் சட்டம், இன்றும் இருக்கிறது. கிரீன் கார்டுக்காரருக்கு அந்த அட்டை, எச்-1பி விசாக்காரருக்கு ஐ-94 என்ற வருகைப் பதிவு. பியர்ஸ் செய்தது அதை மாநிலக் குற்றமாகவும் ஆக்கியது. அந்தப் பகுதிதான் நிற்கவில்லை. நான் கிரீன் கார்டு வாங்கும்வரை ஐ-94 நகல் ஒன்றை நான்காக மடித்துப் பணப்பையில் வைத்திருந்தேன். மடிப்பில் கிழிந்து மூன்று முறை புதிதாக அச்சிட்டேன். ஒருவரும் கேட்கவில்லை.

சட்டத்தை அவரே எழுதினாரா? சிறைச்சாலைக் கம்பெனி எழுதிக் கொடுத்தது என்று படித்தேனே.

படித்ததில் கொஞ்சம் உண்மை, கொஞ்சம் தாளிப்பு. சட்ட நுணுக்கத்தில் பியர்ஸுக்குத் துணையாக இருந்தவர் கிரிஸ் கோபாக் என்ற சட்டப் பேராசிரியர். பின்னாளில் கான்சாஸ் மாநிலச் செயலாளரானவர். பழமைவாதச் சட்டமன்ற உறுப்பினர்களும் பெருநிறுவனங்களும் சேர்ந்து மாதிரி மசோதாக்களைத் தயாரிக்கும் 'அலெக்' என்ற அமைப்பின் கூட்டம் 2009 டிசம்பரில் வாஷிங்டனில் நடந்தது. பியர்ஸ் அங்கே தன் யோசனையை வைத்தார். அந்த அமைப்பில் தனியார் சிறை நிறுவனம் ஒன்றும் உறுப்பினர். இதை 2010 அக்டோபரில் தேசியப் பொது வானொலி வெளியிட்டபோது பெரும் பரபரப்பு. அந்தச் சட்டத்துக்காகத் தாங்கள் வாதாடவில்லை என்றது நிறுவனம். யோசனை என்னுடையது என்றார் பியர்ஸ்.

அந்த யோசனை அவருடையதுதான் என்று நம்புகிறேன். 2006-இல் வீட்டோ ஆன மசோதாவையும் இதையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் உறவுமுறை தெரியும்.

உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டதா இல்லையா? ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

இருவர் சொல்வதும் பாதி சரி. நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய நாள், 2010 ஜூலை 28 அன்று, ஃபீனிக்ஸ் கூட்டாட்சி நீதிபதி சூசன் போல்டன் முக்கிய விதிகளுக்குத் தடை விதித்தார். 2012 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம் மேலே சொன்ன நான்கில் மூன்றை நீக்கியது. குடியேற்றம் கூட்டாட்சி அரசின் வேலை, மாநிலம் தனியாகக் குற்றம் சேர்க்க முடியாது என்பது சாரம். நிறுத்தியவரின் நிலையைச் சரிபார்க்கும் விதி மட்டும் தப்பியது.

தப்பியதும் பிறகு இளைத்துவிட்டது. 2016-இல் மாநில அரசு வழக்காடியவர்களோடு சமரசம் செய்துகொண்டது. குடியேற்ற நிலையைத் தெரிந்துகொள்வதற்காக மட்டும் ஒருவரைக் கூடுதல் நேரம் நிறுத்திவைக்கக் கூடாது என்று மாநிலத் தலைமை வழக்கறிஞர் போலீசுக்கு வழிகாட்டுதல் கொடுத்தார்.

நேராகக் கேட்கிறேன், அவர் இனவெறியர்தானே?

நேராகவே சொல்கிறேன், பதிவில் இருப்பதை. லட்சக்கணக்கான மெக்சிகோக்காரர்களைத் திரட்டி வெளியேற்றிய 1954-ஆம் ஆண்டு நடவடிக்கையைப் போல் மீண்டும் செய்யவேண்டும் என்று 2006-இல் சொன்னார். அந்த நடவடிக்கையின் பெயரிலேயே மெக்சிகோக்காரர்களை இழிவுபடுத்தும் சொல் இருந்தது. அதே ஆண்டு வெள்ளையின மேலாதிக்க அமைப்பு ஒன்றின் கட்டுரையை ஆதரவாளர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பினார். எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அனுப்பிவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டார். பின்னாளில் நவ-நாஜி என்று அம்பலமான ஒருவரை முன்பு ஆதரித்துப் பேசியிருந்தார். பிறகு அவரைக் கைகழுவினார்.

அவருடைய ஆதரவாளர்கள், அவர் சொன்னதெல்லாம் சட்டத்தை மீறியவர்களைப் பற்றித்தான், ஓர் இனத்தைப் பற்றி அல்ல என்பார்கள். என் அபிப்பிராயம்: ஒருமுறை தவறி நடந்தது என்றால் விட்டுவிடலாம். தவறிய ஒவ்வொரு தடவையும் கால் ஒரே பக்கமாகச் சறுக்குகிறது என்றால் தரையின் சாய்வைப் பார்க்கவேண்டும்.

திரும்ப அழைத்தல் என்றால் என்ன? எதற்காக அழைத்தார்கள்?

பதவிக்காலம் முடியும் முன்பே தொகுதி மக்கள் கையெழுத்துத் திரட்டித் தங்கள் உறுப்பினரை மறுபடி தேர்தலுக்கு நிற்கவைக்கும் முறை. 1912-இல் அரிசோனா மாநிலமானதிலிருந்து அரசியல் சட்டத்தில் இருக்கிறது. அந்தப் பதவிக்குக் கடந்த தேர்தலில் விழுந்த வாக்குகளில் கால்பங்கு அளவுக்குக் கையெழுத்து வேண்டும். 120 நாள் அவகாசம். பியர்ஸின் தொகுதியில் தேவைப்பட்டது 7,756. ராண்டி பர்ராஸ் என்ற அமைப்பாளரின் தலைமையில் 2011 ஜனவரி இறுதியில் தொடங்கி, மே 31 அன்று 18,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துகளைக் கொடுத்தார்கள், 10,365 செல்லுபடியாயின.

காரணம் எஸ்பி 1070 மட்டுமா என்றால் இல்லை. பியர்ஸ் செனட் தலைவரான அந்த ஜனவரியில் குடியரசுக் கட்சிக்கு 30-க்கு 21 இடம். அந்தத் தெம்பில், சட்டவிரோதமாக இருப்பவர்களுக்கு இங்கே பிறக்கும் பிள்ளைகளின் குடியுரிமை, மருத்துவமனையில் நிலைச் சரிபார்ப்பு, பள்ளியில் சரிபார்ப்பு என்று ஐந்து மசோதாக்கள் வந்தன. வணிகத் தலைவர்கள் அறுபது பேர், போதும் நிறுத்துங்கள் என்று அவருக்குக் கடிதம் எழுதினார்கள். மார்ச் 17 அன்று அவருடைய அவையே, அவருடைய கட்சிக்காரர்கள் பலரும் சேர்ந்து, ஐந்தையும் தோற்கடித்தது. அதே சமயம், ஃபீயஸ்டா பௌல் என்ற அமெரிக்கக் கால்பந்துப் போட்டி அமைப்பின் செலவில் பயணமும் டிக்கெட்டும் பெற்ற உறுப்பினர்கள் பட்டியலில் அவர் பெயரும் வெளிவந்தது. வழக்குத் தொடரப்படவில்லை என்றாலும் பேர் கெட்டது. நிதி நெருக்கடியில் பள்ளிகளுக்கு வெட்டு விழுந்த கோபம் வேறு.

அது குடியரசுக் கட்சிக் கோட்டை ஆயிற்றே, எப்படித் தோற்றார்?

இதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். சாதாரணமாக அப்படிப்பட்ட தொகுதியில் நிஜமான போட்டி கட்சிக்குள் நடக்கும் முதற்கட்டத் தேர்தலில்தான். அப்போது ஆகஸ்ட் வெயிலில் நடந்த அந்தத் தேர்தலுக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர், பெரும்பாலும் தீவிரமானவர்கள். பியர்ஸுக்கு அவர்களைத் தெரியும், அவர்களுக்குப் பியர்ஸைத் தெரியும். அதை வென்றால் நவம்பர் தேர்தல் வெறும் சடங்கு.

திரும்ப அழைக்கும் தேர்தலில் அந்த முதற்கட்டமே கிடையாது. பதவியில் இருப்பவர் பெயர் தானாக வாக்குச்சீட்டில் வரும். எதிர்ப்பவர் எந்தக் கட்சியானாலும் அதே சீட்டில் வருவார். எல்லா வாக்காளர்களும் ஒரே நாளில் வாக்களிப்பார்கள். எதிரணியினர் ஜனநாயகக் கட்சிக்காரர் யாரையும் நிறுத்தவில்லை. நின்றவர் ஜெர்ரி லூயிஸ் (நகைச்சுவை நடிகர் அல்ல): குடியரசுக் கட்சி, கணக்காளர், பள்ளி நிர்வாகி, மார்மன் சபையில் உள்ளூர்ப் பொறுப்பு வகித்தவர். பியர்ஸின் கோவிலிலேயே கும்பிடுகிறவர், குரல் மட்டும் தாழ்ந்தது. குடியேற்றப் பிரச்சினையில் மனிதாபிமானம் வேண்டும் என்ற யூட்டா உடன்படிக்கைக்கு மார்மன் தலைமை 2010 நவம்பரில் ஆதரவு தெரிவித்திருந்தது. மேசாவின் மார்மன் வீடுகளில் அந்தச் செய்தி சேராமல் இல்லை.

ஜனநாயகக் கட்சியினரும் கட்சி சாராதவர்களும் மிதமான குடியரசுக் கட்சியினரும் ஒரே பெயருக்குக் குத்தினார்கள். 2011 நவம்பர் 8 அன்று லூயிஸ் பாதிக்கும் மேற்பட்ட வாக்குகளோடு வென்றார். ஆளுநரைத் தாண்டி மக்களிடம் போவதையே தொழிலாக வைத்திருந்தவரை, மக்களிடம் போகும் இன்னொரு வழியாலேயே வீழ்த்தினார்கள்.

வாக்கைப் பிரிக்க ஒரு பெண்ணை நிறுத்தினார்களாமே?

நிறுத்தினார்கள். மெக்சிகோவில் பிறந்த, அரசியலில் யாரும் அறியாத குடியரசுக் கட்சிப் பெண் ஒருவர் திடீரென்று வேட்பாளரானார். லூயிஸுக்குப் போகும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரின் வாக்குகளைச் சிதறடிக்கப் பியர்ஸ் ஆதரவாளர்கள் செய்த ஏற்பாடு இது என்று நீதிமன்றமே கண்டது; ஆனால் அந்தப் பெண் தாமாக முறைகேடு செய்ததற்குச் சான்று இல்லை என்று பெயரை நீக்கவில்லை. சில நாளில் அவரே விலகினார். அதற்குள் சீட்டு அச்சாகிவிட்டதால் பெயர் அப்படியே இருந்தது.

நமக்கு இது புதிதில்லை. 2024 மக்களவைத் தேர்தலில் ராமநாதபுரத்து வாக்குச்சீட்டில் எத்தனை ஓ. பன்னீர்செல்வங்கள் இருந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தவர்கள்தானே நாம்.

நம் ஊர் எம்எல்ஏவையும் இப்படித் திரும்ப அழைக்க முடியுமா?

முடியாது. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் போன்ற சில மாநிலங்களில் நகராட்சித் தலைவர்களுக்கு அந்த ஏற்பாடு இருந்து பயன்பட்டும் இருக்கிறது. எம்எல்ஏ, எம்பிக்குக் கிடையாது.

பிறகு அவர் மீண்டும் நின்றாரா?

2012-இல் எல்லை மாற்றப்பட்ட புதிய தொகுதியில் நின்றார். இந்த முறை அவருக்குப் பழக்கமான முதற்கட்டத் தேர்தல்தான், அதிலும் தோற்றார். வென்றவர் பாப் வோர்ஸ்லி. முன்பெல்லாம் விமான இருக்கைப் பையில் சொருகியிருந்ததே, ஸ்கைமால் என்ற பொருள் விற்பனைப் புத்தகம், அதைத் தொடங்கிய தொழிலதிபர். மேலே நான் சொன்ன முதற்கட்ட வாக்காளர் கணக்கு முழு விளக்கம் இல்லை என்பதற்கு இதுவே சாட்சி. சொந்தக் கூட்டத்திலும் அவருக்கு ஆள் குறைந்திருந்தது.

கட்சியின் மாநிலத் துணைத் தலைவர் பொறுப்பு மிச்சமிருந்தது. அரசு மருத்துவ உதவி பெறும் பெண்களுக்குக் கருத்தடை கட்டாயமாக்குவது பற்றி 2014-இல் வானொலியில் பேசியது கிளம்பி, அதிலிருந்தும் விலகினார். வேறொருவர் எழுதியதைப் பெயர் சொல்லாமல் படித்துவிட்டேன் என்பது அவர் தந்த விளக்கம். 2006 மின்னஞ்சலுக்குச் சொன்ன விளக்கத்தின் தம்பி.

அவரைத் தோற்கடித்த லூயிஸ் பெரிய ஆளாகியிருப்பாரே?

ஓராண்டுதான். 2012 நவம்பரில் வேறு தொகுதியில் ஜனநாயகக் கட்சியின் எட் ஏபில்சரிடம் தோற்றார். சென்ற ஆண்டு அவரைத் தூக்கிப்பிடித்த ஜனநாயகக் கட்சியினருக்கு இப்போது சொந்த வேட்பாளர் இருந்தார்.

சரி, அவர் கொண்டுவந்ததில் இன்று என்னதான் மிச்சம்?

ஜாமீன் மறுப்பை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014-இல் நீக்கிவிட்டது. குடியுரிமைச் சான்று விதி, கூட்டாட்சிப் படிவத்தில் பதிபவர்களுக்குப் பொருந்தாது என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் அரிசோனாவில் மாநிலத் தேர்தலுக்கும் சேர்த்து வாக்களிப்பவர், கூட்டாட்சித் தேர்தலுக்கு மட்டும் வாக்களிப்பவர் என்று இரண்டு வகை வாக்காளர்கள் உருவாகிவிட்டார்கள். இ-வெரிஃபை இருக்கிறது, இங்கே வேலைக்குச் சேரும் ஒவ்வொரு தமிழ்ப் பொறியாளரும் அதைக் கடந்துதான் போகிறார், யார் வைத்த வாசல் என்று தெரியாமலே. ஆங்கிலம் ஆட்சிமொழியாக இருக்கிறது. துப்பாக்கிச் சட்டம் இருக்கிறது.

அவருடைய வழிமுறையும் இருக்கிறது. 2024 மார்ச்சில், எல்லையைச் சட்டவிரோதமாகக் கடப்பதை மாநிலக் குற்றமாக்கும் மசோதாவை ஜனநாயகக் கட்சி ஆளுநர் கேட்டி ஹாப்ஸ் வீட்டோ செய்தார். குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை அதே கருத்தை வாக்கெடுப்புக்கு அனுப்பியது. நவம்பரில் 60 சதவீதத்துக்கும் மேல் ஆதரவோடு வென்றது. கடப்பதைக் குற்றமாக்கும் அந்தப் பகுதி, இதே போன்ற டெக்சாஸ் சட்டமோ வேறொரு மாநிலத்தின் சட்டமோ தொடர்ந்து அறுபது நாள் அமலில் இருந்த பிறகே உயிர்பெறும் என்ற நிபந்தனையோடு எழுதப்பட்டது. ஆகவே அடுத்த ஞாயிறு ரசம் ஊற்றும்போது "அந்தக் காகிதம் கேட்கும் சட்டம் மறுபடி வந்துவிட்டதா" என்று கேட்பவர்கள், எந்தச் சட்டம், எந்த ஆண்டு என்பதைச் சேர்த்துக் கேட்கவும்.